கடலில் ஒரு முழு நாள்: பதினான்கு இரவுக் கப்பல் பயணத்தில் எனக்குப் பிடித்தது

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். டிசம்பர் 31 நள்ளிரவில் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் சேர்ந்து ஊதும்போதுதான் எங்கள் தெருவுக்குப் புத்தாண்டு பிறக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தும் அறுபத்தொரு வயதில்தான் முதல்முறையாகக் கப்பல் ஏறினேன். பள்ளியில் முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் எடுத்தேன், அதிலும் புவியியல்தான் என் பாடம். வங்கக் கடலையும் அந்தமான் நிக்கோபாரையும் எத்தனை தடவை சாக்பீஸால் வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் அந்தக் கடலைக் கடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "ரயில்ல நான் கூட்டிட்டுப் போனேன், கப்பல்ல நீ கூட்டிட்டுப் போ" என்றார்.

சிங்கப்பூரில் ஏறி துபாயில் இறங்குகிற பதினான்கு இரவுப் பயணம், பிப்ரவரி மாதம். வழியில் போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட், கொழும்பு, கொச்சி, மும்பை. இது போக ஐந்து நாள் கரையே கிடையாது, வெறும் கடல். கப்பல்காரர்கள் இதைக் 'கடல் நாள்' என்கிறார்கள். எல்லோரும் கேட்டது இந்த ஐந்து நாளைப் பற்றித்தான். "அஞ்சு நாள் தண்ணிய பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க அண்ணி?" என்றாள் நாத்தனார். பயண முகவரும் கடல் நாள் குறைவாக உள்ள வேறு பயணத்தை எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்லவேளை, நான் கேட்கவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். புக்கெட்டில் இருந்து கொழும்பு போகும் வழியில் வந்த முதல் கடல் நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

முந்தின நாள் மாலை ஆறு மணிக்குக் கப்பல் புக்கெட்டை விட்டது. இரவு சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் படுக்கையின் மேல் ஒரு சீட்டு இருந்தது: இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்று ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் லைட்டையும் வைத்து எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! விமானத்தில் போனால் மூன்று, நான்கு மணி நேரம் ஒரேயடியாகக் கையைவிட்டுப் போய்விடும், ஒன்றும் தெரியாது. கப்பலில் மேற்கே போகப் போக அது மணி மணியாகத் திரும்பக் கிடைக்கிறது. அன்று கிடைத்த ஒரு மணி நேரத்தைத் தூங்கியே கழித்தோம்.

காலை ஐந்தரைக்கு எழுந்து நான்காம் தளத்துக்குப் போனேன். கப்பலைச் சுற்றி நடக்க மரப்பலகை பதித்த திறந்த நடைபாதை அங்கேதான் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே இப்படி ஒரு நடைபாதை இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில புதிய கப்பல்களில் கடல் ஓரம் வரை கடைகளையும் அறைகளையும் நிரப்பிவிடுகிறார்கள். பால்கனி அறைக்கு இன்னும் ஒரு லட்சம் கேட்டார்கள். நாங்கள் ஜன்னல் அறையே போதும் என்றோம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பால்கனியில் ஒரு பக்கக் கடல்தான் தெரியும், நடைபாதையில் நான்கு பக்கமும் நம்முடையது. நான் போனபோது இரண்டு ஊழியர்கள் பலகையைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈர மர வாசனையும் புது பெயிண்ட் வாசனையும் உப்புக் காற்றோடு கலந்து வந்தன. எங்கள் ஊர்க் கடற்கரையின் மீன் வாசனை துளியும் இல்லை. நடுக்கடலுக்கு வாசனையே கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் பிறகு சூரியன் கப்பலின் பின்னால் எழுந்தது. வெளிச்சம் ஏறியதும் தண்ணீரின் நிறம் தெரிந்தது. காசிமேட்டுக் கடல் பழுப்பும் பச்சையும் கலந்து கிடக்கும். மெரினாவில் தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் கலந்த நீலம். இது வேறு. வெள்ளைத் துணிக்கு நீலம் போடும்போது, சொட்டு நீலம் வாளித் தண்ணீரில் விழுந்து கலங்குவதற்கு முன்னால் ஒரு கணம் அப்படியே நிற்குமே, அந்த நீலம். அலை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. முழுக் கடலும் தூங்குகிற ஆள் மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்கியது. கப்பல் கிழித்துப்போகிற விளிம்பில் மட்டும் நுரை.

அந்த நுரை ஓரத்தில்தான் கோலாவைப் பார்த்தேன். பறவைக்கோலா என்று நம் மீனவர்கள் சொல்கிற மீன். சந்தையில் கூடையில் செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், பறந்து பார்த்ததில்லை. கப்பலின் சத்தத்துக்கு மிரண்டு ஏழெட்டு மீன்கள் ஒன்றாகத் தண்ணீரை விட்டுக் கிளம்பின. விரலளவு உடம்பு, இரண்டு பக்கமும் கண்ணாடிக் காகிதம் மாதிரி செட்டை. சிறகடிக்கவில்லை, விரித்தபடியே வழுக்கிக்கொண்டு போயின. வேகம் குறையும்போது வால் நுனி மட்டும் தண்ணீரைத் தொட்டுப் படபடவென்று அடிக்கும், உடனே இன்னொரு தடவை எழும்பும். ஒரு மீன் நான் பத்து எண்ணும்வரை விழவில்லை. வீட்டுக்காரரைக் கூட்டி வருவதற்குள் தீர்ந்துவிடுமோ என்று பயந்தேன். தேவையே இல்லை, மதியம் வரை கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருந்தன.

எட்டு மணிக்கு வலது பக்கம், தொலைவில், மேகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கருநீலக் கோடு. அறையில் உள்ள டிவியில் ஒரு சேனல் கப்பல் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கிரேட் நிக்கோபார்தான். அதற்கும் சுமத்ராவுக்கும் நடுவில் உள்ள வழியில் போய்க்கொண்டிருந்தோம். அந்தத் தீவின் தென்கோடியில் இந்திரா முனை, இந்தியாவின் கடைசிப் புள்ளி, வடக்கு அட்சரேகை 6 பாகை 45 கலை. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி. கன்னியாகுமரி என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த முனையில் உள்ள கலங்கரை விளக்கம் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. 2004 நிலநடுக்கத்தில் அங்கே தரையே நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கி, கரையில் நின்ற அந்தக் கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நிற்கும்படி ஆகிவிட்டது.

டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பூமி அசைந்தது. ஒன்பது மணி வாக்கில் அலை எங்கள் கரையில் இருந்தது. அந்த வருடம் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் குப்பங்களில் இருந்து வந்தவர்கள். பல வாரம் எங்கள் பள்ளிக்கூடமே அவர்களுக்கு வீடாக இருந்தது, கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கினார்கள். அலை எவ்வளவு வேகமாக வரும் என்று அப்போது ஒரு பையன் கேட்டான். விமான வேகம் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அந்த நடைபாதையில் நின்றுகொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலநடுக்கம் தொடங்கிய இடத்தில் இருந்து சென்னை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். எங்கள் கப்பல் மணிக்கு 18 கடல் மைல், அதாவது 33 கிலோமீட்டர் போனது. அந்த வேகத்தில் சென்னைக்குப் போக இரண்டரை நாள் பிடிக்கும். அலைக்கு இரண்டரை மணி நேரம். அந்தப் பையனுக்கு இதைச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். கருநீலக் கோடு மறையும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். கடல் நாளில் யாரும் கரைக்கு ஓட வேண்டியதில்லை என்பதால் ஒன்பது மணிக்குமேல் எல்லோரும் ஒரே நேரத்தில் பஃபேக்கு வந்துவிடுகிறார்கள். தட்டோடு இருபது நிமிடம் மேசை தேடினோம். மறுநாளில் இருந்து கீழ்த்தளத்தில், மேசையில் உட்காரவைத்துப் பரிமாறுகிற சாப்பாட்டு அறைக்குப் போனோம், கட்டணம் ஒன்றுதான், நிம்மதி இரண்டு மடங்கு. வயதானவர்களோடு போகிறவர்கள் முதல் நாளே அங்கே போய்விடுங்கள். தென்னிந்தியச் சாப்பாடு தினமும் கிடைக்கும் என்று முகவர் சொன்னது உண்மையில்லை. பதினான்கு நாளில் மூன்று காலைதான் இட்லி இருந்தது, அதுவும் ஆறிப்போனது. சாம்பாரில் சர்க்கரை தூக்கல். பருப்பும் சப்பாத்தியும் தினமும் இருந்தன, மீன் அருமையாக இருந்தது. வீட்டுக்காரர் சைவம், தயிரும் சாதமும் பிசைந்து ஊறுகாயோடு சமாளித்தார். ஊறுகாயை வாய் சீல் வைத்த பாக்கெட்டில் கொண்டுபோங்கள். எங்களிடம் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

காபிதான் பெரிய கதை. பித்தளை ஃபில்டரும் கும்பகோணத்துப் பொடியும் எலக்ட்ரிக் கெட்டிலும் எடுத்துப்போயிருந்தேன். ஏறும் இடத்தில் சோதனையில் கெட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள், துபாயில்தான் திரும்பக் கிடைத்தது. சூடாகும் கம்பி உள்ள எதையும், இஸ்திரிப் பெட்டி உட்பட, அறைக்கு விடுவதில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு எம்.வி. சிதம்பரம் ஞாபகம் வந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பல், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. எங்கள் பகுதியில் எத்தனையோ நாள் அதே பேச்சு. அதோடு அந்தப் பயணிகள் கப்பல் சேவையே நின்றுபோயிற்று. நடுக்கடலில் தீ என்றால் இறங்கி ஓட இடமில்லை. கெட்டிலை எடுத்துக்கொண்டது சரிதான்.

ஆனால் பஃபேயில் குழாயில் வரும் வெந்நீர் டிகாக்‌ஷன் இறக்கும் சூட்டில் இல்லை. ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு போன ஒரு பையன் நின்றான். ஃபில்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அம்மா, தமிழா?"

"ஆமாப்பா. ராயபுரம். நீ?"

"தூத்துக்குடிம்மா. இருங்க, இந்தத் தண்ணி ஆகாது."

உள்ளே போய் ஒரு ஸ்டீல் குடுவையில் கொதிக்கிற தண்ணீர் கொண்டுவந்தான். நான் ஊற்ற ஊற்ற ஃபில்டர் மேலேயே குனிந்து நின்றான். ஏழு மாதமாகக் கப்பலில் இருக்கிறானாம், இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் ஊர். "எங்கம்மாவும் இதுலதாம்மா போடும்" என்றான். அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுக்க நினைத்தேன், வேலை நேரத்தில் பயணிகள் இடத்தில் குடிக்கக் கூடாதாம். மறுநாள் முதல் காலை ஆறரைக்குக் குடுவை எங்களுக்காகத் தயாராக இருந்தது. அந்தக் கப்பலில் நான் வாங்கிய சேவைகளில் இதற்குத்தான் முதல் இடம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 டாலர் 'சேவைக் கட்டணம்' என்று தானாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. அது யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் தெளிவாகப் பதில் வரவில்லை. அதனால் கடைசி நாள் அவன் கையில் தனியாகக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். இருக்கும் இடம், வேகம், காற்று. வடக்கு 6 பாகை, கிழக்கு 93 பாகைக்குப் பக்கத்தில், வடகிழக்குக் காற்று, அமைதியான கடல். நம் ஊர் வாடைக் காற்றுதான், பனிக்காலம் முடிகிற நேரத்து வாடை. பையில் இருந்த அட்லஸ் தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். சென்னை 13 பாகை, அப்படியென்றால் ஏழு பாகை தெற்கே இருக்கிறோம். ஒரு பாகைக்கு 60 கடல் மைல். பக்கத்து மேசையில் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம், ஒன்பது வயதுப் பெண் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அவளையே பெருக்கச் சொன்னேன். "நானூத்தி இருபது, பாட்டி" என்றாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தன் பென்சிலோடு வந்துவிட்டாள்.

மதியத்துக்குமேல்தான் கப்பல் தன் வியாபாரத்தை ஆரம்பிக்கிறது. கரை கிடையாது, ஆட்கள் எங்கும் போக முடியாது என்று தெரிந்த கடைக்காரன் மாதிரி. கைக்கடிகாரம் தள்ளுபடி, ஓவிய ஏலம், மசாஜ் சலுகை, சூதாட்டக் கூடத்தில் இலவசப் பாடம் என்று அரை மணிக்கொரு அறிவிப்பு. அந்த நாளை அவர்கள் நிரப்பப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. காலியாக இருப்பதுதானே அதன் அழகு. நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளில் விடியற்காலையிலேயே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அரை மணி ஆள் இல்லாவிட்டால் துண்டை எடுத்துவிடுவோம் என்று பலகை எழுதியிருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நாங்கள் நான்காம் தளத்துக்கே போனோம். மொத்தம் பத்துப் பேர்கூட இல்லை.

இரண்டு மணிக்குமேல் கப்பல் கொஞ்சம் ஆடியது. வீட்டுக்காரருக்குத் தலை சுற்றல். அறைக்குள் போய்ப் படுத்தால் இன்னும் அதிகமாகும். வெளியே உட்கார்ந்து வானமும் கடலும் சேருகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் குறையும், அவருக்கு அப்படித்தான் குறைந்தது. கையில் இஞ்சி முரப்பா இருந்தது. மாத்திரை சாப்பிடுவதென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே சாப்பிட வேண்டும். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மாதமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம், பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும். கப்பல் ஆஸ்பத்திரியில் எல்லாம் டாலர் கணக்கு, பயணக் காப்பீடு எடுக்காமல் ஏறாதீர்கள்.

செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலுக்குள் சாட்டிலைட் வழியாக ஒரு நெட்வொர்க் இருக்கிறது, போன் தானாகவே அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. பேரன் படம் வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரர் ஐந்து நிமிடம் பார்த்தார். ஊருக்கு வந்ததும் போன் கம்பெனியில் இருந்து 3,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. இரண்டு முறை எழுதிக் கேட்டும் குறைக்கவில்லை. கப்பலின் வைஃபை தனி விலை. நாங்கள் வாங்கவில்லை, அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மாலையில் சூரியன் கப்பலுக்கு நேர் முன்னால் இறங்கியது. அப்பாவின் ஞாபகம் வந்தது அப்போதுதான். இரண்டு நாளைக்கு முன்புதான் பினாங்கில் இறங்கி அவர் கணக்கு எழுதிய கடைத்தெருவைத் தேடிப் பார்த்திருந்தோம். 1950களில் ராஜுலாவில் போனவர் அவர். 1926இல் கட்டிய கப்பல், சென்னையில் கிளம்பி நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் என்று பல தலைமுறைத் தமிழர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் தள்ளி நிற்க, ஆட்கள் படகில் வந்து ஏறுவார்களாம். அப்பா டெக் பயணி. முதலில் ஏறிப் பாயை விரிக்கிறவனுக்கு நல்ல இடம். அந்தப் பாய் அளவு இடத்தில்தான் தூக்கம், சாப்பாடு, சீட்டுக்கட்டு, அழுகை எல்லாம். "நாலாம் நாள் தண்ணியப் பாக்கவே வெறுத்துப்போச்சும்மா" என்பார். அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த என் அண்ணனையும் விட்டுவிட்டுப் போனவருக்கு வேறு எப்படி இருந்திருக்கும்! ஆனால் திரும்பி வந்த பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது தண்ணீரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டார். கோலா பறந்ததை முதலில் எனக்குச் சொன்னவரும் அவர்தான். அவர் ஊர் திரும்பியதும் இப்படி மேற்கு நோக்கித்தான், சூரியன் இறங்குகிற பக்கம் பார்த்துக்கொண்டு.

விமான டிக்கெட், விசா எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு நாலரை லட்சம் ஆனது. பஃபே கூட்டம், இட்லி, அறிவிப்புத் தொல்லை, முகவரின் பொய் எல்லாவற்றையும் கழித்தாலும் அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பணத்தை மறுபடி கொடுப்பேன். துறைமுகங்களை விமானத்தில் போயும் பார்க்கலாம். கடல் நாள் குறைவாக உள்ள பயணத்தைத் தேடாதீர்கள், அதிகமாக உள்ளதைத் தேடுங்கள். குறைந்தது இரண்டு நாள் சேர்ந்தாற்போல இருக்கட்டும், முதல் நாளின் பாதி, கரைப் பழக்கத்தை விடுவதிலேயே போய்விடும்.

இரவு எட்டரைக்கு விளக்கு குறைவான பின்பக்கம் போய் நின்றோம். தெற்கே அகத்தியர் நட்சத்திரம், ராயபுரத்து மொட்டை மாடியில் தெரிவதைவிட நன்றாக உயரத்தில். குளிர ஆரம்பித்ததும் அறைக்கு வந்தோம். படுக்கையில் இன்னொரு சீட்டு: இன்றிரவு அரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள், இனி கொழும்பு நேரம். கொழும்பு நேரம்தான் நம் நேரமும். வீட்டுக்காரர் தன் எச்.எம்.டி. வாட்சை மீனம்பாக்கத்தில் கிளம்பியதில் இருந்து மாற்றவே இல்லை. எத்தனை முறை சொல்லியும், ஊர் நேரம் ஒன்று கையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நான் அறைக் கடிகாரத்தை அரை மணி பின்னால் திருகி, அவர் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்பதே கால் காட்டின.